உளமருத்துவச் சமூகப்பணி: ஒரு வரலாற்று நோக்கு

உளநோய்ச் சிகிச்சையின் வரலாற்றை ஆராய்வோர் 1952ஆம் ஆண்டினைத் திருப்புமுனையாகக் கொள்வர். பாரிஸ் நகர வைத்தியசாலையொன்றில் டிலே, டெனிக்கர் ஆகிய வைத்தியர்கள் குளோர்புரோமசீன் என்னும் மருந்தின் பயனை எடுத்துக்காட்டிய ஆண்டு அதுவாகும். எனினும் மருந்தின் வரலாறு மட்டும் நோயாளியின் வரலாறாகிவிடாது. மருந்தை உட்கொள்வோருக்குத் துணைநின்ற சமூகப் பணியாளரின் வரலாறும் உடன் நோக்கற்பாலது. ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரம் இதற்குத் தக்க சான்றாகும்.

அம்மருந்து தோன்றுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் முன்னரே, 1913இல், பொஸ்ரன் உளநோய் வைத்தியசாலையின் சமூகப்பணிப் பிரிவுக்கு மேரி ஜாரெற் தலைமையேற்றார். நோயாளியின் குடும்பம், தொழில், வாழிடம் ஆகியவற்றை ஆராய்ந்து வைத்தியருக்கு அறிவித்தலும், வீடு திரும்பியோரைத் தொடர்ந்து கவனித்தலும் இத்துறையின் பணிகளாயின. 1918இல் சிமித் கல்லூரியில் இதற்கெனப் பயிற்சிநெறியும் தொடங்கியது.

1954இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட குளோர்புரோமசீன் இப்பணியைத் தேவையற்றதாக்கவில்லை, மாறாக விரிவுபடுத்தியது. 1955இல் அந்நாட்டு அரச உளநோய் வைத்தியசாலைகளில் 550,000க்கு மேற்பட்டோர் தங்கியிருந்தனர். 1980இல் அத்தொகை 150,000க்கும் குறைந்தது. இவ்வீழ்ச்சிக்கு மருந்துடன் அரசின் செலவுக் கொள்கையும் காரணமாகும். 1963இல் கென்னடி கையொப்பமிட்ட சட்டம் சமுதாய உளநல நிலையங்களுக்கு வழிசெய்தபோதும், திட்டமிட்ட நிலையங்களுட் பல அமையவேயில்லை. வெளியேறியோருட் பலர் உறைவிடமும் தொழிலுமின்றி அல்லலுற்றனர்.

நடுக்கம், உடல் விறைப்பு, அயர்வு முதலிய பக்கவிளைவுகளால் மருந்தைக் கைவிட்டோரும் உளர். மருந்தை விதிக்கும் அதிகாரம் சமூகப் பணியாளருக்கு இல்லை. ஆயினும், வைத்தியர் சிகிச்சை நிலையத்திற் சிறிதுநேரமே காணும் நோயாளியை அவர் வீட்டிலும் அயலிலும் காண்கின்றார். எனவே பக்கவிளைவுகளை வைத்தியருக்கு அறிவிப்பதும், மருந்தின் இயல்பைக் குடும்பத்தினருக்கு விளக்குவதும் அவர் கடமைகளாயின.

இக்கடமையினுள் ஒரு முரண்பாடும் உண்டு. நோயாளி மருந்தை மறுப்பாராயின் பணியாளர் யார் பக்கம் நிற்பது? பொஸ்ரன் அரச வைத்தியசாலை நோயாளர் சிலர், தம் விருப்புக்கு மாறாக மருந்தூட்டப்படுவதை எதிர்த்து 1975இல் வழக்குத் தொடுத்தனர். அவசரநிலை தவிர்ந்த வேளைகளில் மறுக்கும் உரிமை அவர்க்குண்டென 1979இல் சமஷ்டி நீதிமன்றம் தீர்த்தது. நோயாளி தீர்மானிக்குந் திறனற்றவர் என நீதிபதியே முடிவுசெய்தல் வேண்டுமென மசாசூசெற்ஸ் உயர்நீதிமன்றம் 1983இல் விதித்தது.

இத்தீர்ப்புகளின் பின், நோயாளியை மருந்துக்கு இணங்கவைத்தல் மட்டுமே சமூகப்பணியென எவரும் கொள்ளவியலாது. மறுப்புக்கான காரணத்தைச் செவிமடுத்து, அதனை வைத்தியர் முன் எடுத்துரைத்தலும் அப்பணியேயாகும். நோயாளியைத் தீர்மானிக்கும் மனிதராக மதிக்காத துணை, துணையாகாது.