பக்கவாத மறுவாழ்வுப் பயிற்சியின் வரலாறு

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்போ கசிவோ ஏற்படுவதால் வருவது பக்கவாதம். உயிர் பிழைத்தவர் மீண்டும் எழுந்து நிற்கவும், கழிப்பறைக்குத் தனியே செல்லவும், தம் கையால் உண்ணவும் பழகுவதே மறுவாழ்வுப் பயிற்சி.

தொடக்கம்

நோயாளியைப் படுக்கையிலேயே கிடத்தி வைப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற அமெரிக்க விமானப்படை வீரர்களுக்குப் பயிற்சி அளித்த மருத்துவர் ஹோவர்டு ரஸ்க், போருக்குப் பின் அம்முறையை நியூயார்க்கில் பொதுமக்களுக்கும் கொண்டு சென்றார். 1940களில் லண்டனில் பெர்டா போபாத், நல்ல பக்கத்தை மட்டும் நம்பாமல் செயலிழந்த பக்கத்தையும் பழக்க வேண்டும் என்றார்.

தமிழ்நாட்டில்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் ரஸ்க்கின் நிறுவனத்தில் பயின்று திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அளவீடும் ஆய்வும்

1989இல் கனடாவில் உருவான பெர்க் சமநிலை அளவுகோலில் 14 செயல்கள் உள்ளன. நாற்காலியிலிருந்து எழுவது, தரையில் கிடக்கும் பொருளை எடுப்பது, ஒற்றைக் காலில் நிற்பது போன்ற ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி; மொத்தம் 56.

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளிடம் நடந்த 'அட்டெண்ட்' ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. குடும்பத்தினருக்குக் கற்றுக்கொடுத்து வீட்டில் பயிற்சி செய்ய வைத்தும், வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. குடும்பத்தின் துணை வீண் என்பது இதன் பொருளன்று. தேர்ந்த இயன்முறை மருத்துவரின் இடத்தைக் குடும்பம் மட்டும் நிரப்ப இயலாது என்பதே பாடம்.

வீடு தேடி

2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் அடங்கும். திருவள்ளூர் மாவட்டத்துக்கு இது மிகவும் தேவை. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், தந்தையைப் பயிற்சிக்காக வாரந்தோறும் பேருந்தில் அழைத்துச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். அழைத்துச் செல்ல ஆளில்லாத வீட்டில் பயிற்சி நின்றுவிடும். நோயாளி மீண்டும் படுக்கைக்கே திரும்புவார். ரஸ்க்கும் மேரி வர்கீசும் மாற்ற முயன்றது அந்த நிலையைத்தான்.