அம்பாசடர் மேட்டில் திணறுதா? கார்புரேட்டரைக் கழற்றும் முன் டைமிங்கைப் பாருங்க!

2014-ல் உற்பத்தி நின்றாலும், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் கொண்ட பழைய அம்பாசடரைப் பலர் இன்னும் ஆசையாக வைத்திருக்கிறார்கள். வண்டி இழுக்கவில்லை என்றால் பழி முதலில் கார்புரேட்டர் மேல்தான் விழும். ஆனால் கோளாறு இக்னிஷன் டைமிங்கில் இருக்கலாம்.

டைமிங் என்றால் என்ன?

பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பிளக்கில் பொறி வர வேண்டும். பெட்ரோல் கலவை எரிந்து முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதே காரணம். அந்த 'சற்று முன்' எத்தனை டிகிரி என்பதுதான் டைமிங்.

தப்பினால் என்ன ஆகும்?

பொறி தாமதமானால் இழுவை குறையும், இன்ஜின் சூடேறும், பெட்ரோல் வீணாகும். ரொம்ப முந்தினால் மேடு ஏறும்போது 'டிக் டிக்' என நாக்கிங் சத்தம் வரும். அதைக் கண்டுக்காமல் ஓட்டினால் பிஸ்டனே ஓட்டையாகலாம். இன்ஜின் வேலைதான் மிச்சம்!

செட் செய்வது எப்படி?

1. முதலில் பாயின்ட் இடைவெளியைச் சரி செய்யுங்க. இது மாறினால் டைமிங்கும் மாறும்.

2. பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினை அது ஓடும் திசையிலேயே சுற்றுங்க. முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கும்போது, புல்லியில் உள்ள வெட்டு மேனுவல் சொல்லும் டிகிரி குறிக்கு நேராக வர வேண்டும்.

3. காயிலில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வயர் வரும் முனைக்கும் பாடி எர்த்துக்கும் நடுவே 12 வோல்ட் பல்பை இணைத்து, சாவியை ஆன் செய்யுங்க.

4. கிளாம்ப்பைத் தளர்த்தி, பல்பு அணையும் வரை டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றும் திசையில் திருப்புங்க. பிறகு எதிர்த் திசையில் மெதுவாகத் திருப்பினால், ஒரு இடத்தில் பல்பு எரியும். பாயின்ட் திறக்கும் இடம் அதுதான். அங்கேயே கிளாம்ப்பை இறுக்குங்க.

டைமிங் லைட் இருந்தால்?

வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, மேனுவல் சொல்லும் ஆர்பிஎம்மில் பார்க்க வேண்டும். ஓடும் இன்ஜினுக்கான டிகிரி வேறாக இருக்கும். ஃபேனில் கையோ துணியோ சிக்காமல் கவனம்!

கடைசி சோதனை ரோட்டில்

மேனுவல் கணக்கு அந்தக் காலப் பெட்ரோலுக்கானது. அதனால் டாப் கியரில் ஒரு மேடு ஏற்றிப் பாருங்க. சத்தம் வந்தால், ரோட்டர் சுற்றும் திசையில் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் திருப்பினால் பொறி தாமதமாகும். சத்தம் இல்லாமல் நன்றாக இழுக்கும் இடமே சரியான டைமிங்.