பதிப்புரிமைப் பக்கம்: ஓர் உரை

தமிழ்ப் புத்தகம் எதை எடுத்தாலும் தலைப்புப் பக்கத்தின் பின்னால் பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். விலை, பக்க எண்ணிக்கை, அச்சகத்தின் பெயர் ஆகியவற்றோடு சேர்ந்து கிடப்பதால் யார் கண்ணும் அங்கே நிற்பதில்லை. எழுதியவரே படிக்காமல் விட்டுவிடுகிற பக்கம் அது. ஆனால் அந்தப் புத்தகம் யாருடைய சொத்து என்ற கேள்விக்கு அந்த வரிகள்தான் பதில் சொல்கின்றன. வழக்கமாக அவை இப்படி அமையும்:

© ஆசிரியருக்கு. முதற்பதிப்பு: டிசம்பர் 2019. இந்நூலின் எந்தப் பகுதியையும் பதிப்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதியின்றி எந்த வடிவிலும் வெளியிடவோ நகலெடுக்கவோ கூடாது. எல்லா உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை. மீறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.

இதற்கு உரை எழுத வேண்டுமானால் மூலமாக இருப்பது இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்போம்.

©

இந்தக் குறியைப் போட்டால்தான் உரிமை வரும் என்று நினைப்பவர்கள் ஏராளம். "கதை எழுதிட்டேன், இன்னும் காப்பிரைட் வாங்கலை" என்பார்கள். வாங்க வேண்டிய பொருள் அல்ல அது. நோட்டிலோ கைபேசியிலோ கதையை எழுதி முடித்தபோதே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. விண்ணப்பம், கட்டணம், முத்திரை எதுவும் தேவையில்லை. டெல்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வழக்கு என்று வந்தால் அந்தப் பதிவு முதல்நோக்குச் சான்றாக உதவும். அவ்வளவுதான்.

அப்படியானால் குறி எதற்கு? 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், உரிமை பெற எந்தச் சடங்கும் வேண்டாம் என்று 1908-இல் முடிவெடுத்தன. அமெரிக்கா அதில் சேரவில்லை. அங்கே அறிவிப்பு இல்லாமல் புத்தகம் வெளியானால் உரிமையை இழக்க நேர்ந்தது. இரு தரப்புக்கும் பொதுவான வழியாக 1952-இல் ஜெனீவாவில் ஏற்பட்ட உடன்படிக்கை, குறி, பெயர், ஆண்டு மூன்றும் இருந்தால் போதும் என்றது. 1989-இல் அமெரிக்காவும் பெர்னில் சேர்ந்துவிட்டது. இன்று இந்தக் குறி ஓர் அறிவிப்புப் பலகை மட்டுமே.

இந்த உரிமை எதற்கு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கருத்துக்கு அல்ல, அது எழுதப்பட்ட விதத்துக்கு. ஆர்.ஜி. ஆனந்த் எழுதிய இந்தி நாடகத்தை 'நியூ டெல்லி' படம் களவாடிவிட்டதாக நடந்த வழக்கில், கருவுக்கும் கதைப்பொருளுக்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'என் ஐடியாவைத் திருடிவிட்டார்கள்' என்ற புகார்களில் பாதி இந்த இடத்தில் அடிபட்டுப்போகும். 'தலைப்புக்கு காப்பிரைட் வாங்கியாச்சு' என்று சினிமாக்காரர்கள் சொல்வதும் அப்படியே: வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆசிரியருக்கு

இந்தப் பக்கத்திலேயே கனமான சொல் இதுதான். சில புத்தகங்களில் இதே இடத்தில் 'பதிப்பகத்தாருக்கு' என்று இருக்கும். எழுத்தாளர் ஒரு தாளிலும் கையெழுத்துப் போடாமல், தொலைபேசியில் 'சரி, போடுங்க' என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. உரிமை கைமாற வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையாளர் கையெழுத்து இருக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. வாய்ச்சொல்லால் அதிகம் போனால் அச்சிட்டுக்கொள்ள அனுமதி கிடைக்கும். உரிமை எழுதியவரிடமே இருக்கும்.

கையெழுத்துப் போட்டவர்களுக்கும் அதே பிரிவு துணை நிற்கிறது. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான். எந்த நிலப்பரப்பு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, உரிமை திரும்பிவிடும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு பதிப்பு போட்ட பதிப்பகத்திடம் போய் மறுபதிப்புக்கு அனுமதி கேட்டுத் தயங்கி நிற்கும் எழுத்தாளர்கள் பலர், அந்த உரிமை தங்கள் கையில்தான் இருக்கிறது என்று அறியாதவர்கள்.

இந்த உரிமை ஒற்றைப் பொருள் அல்ல, ஒரு கட்டு. அச்சிடுவது, மொழிபெயர்ப்பது, நாடகமாக்குவது, படமாக்குவது, ஒலிப்பதிவு செய்வது என்று பிரித்துப் பிரித்துக் கொடுக்கலாம். பாரதியை விடச் சிறந்த சான்று இதற்கு இல்லை. நூல்களின் உரிமை தம்பி விசுவநாதனிடம் இருந்தபோது, பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை பட நிறுவனம் நடத்திய ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது. பாரதி பாட்டைப் பாட ஒரு நிறுவனத்தின் அனுமதி வேண்டுமா என்று தமிழகம் கொதித்தது. 1949-இல் சென்னை அரசு உரிமைகளை எடுத்துக்கொண்டது. 1955-இல் அவை எல்லோருக்கும் பொதுவாயின. நாட்டுடைமை என்று நாம் இன்று இயல்பாகச் சொல்லும் வழக்கம் அங்கே தொடங்கியதுதான்.

முதற்பதிப்பு: டிசம்பர் 2019

உரிமைக் காலம் இந்த ஆண்டிலிருந்து ஓடுகிறது என்பது பரவலான தவறு. எழுதியவர் வாழும் காலம் முழுவதும், அதன் பின் 60 ஆண்டுகள். அந்த 60, அவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும். ஜெயகாந்தன் 2015 ஏப்ரலில் மறைந்தார். அவர் எழுத்தின் உரிமை 2075 டிசம்பர் 31 வரை. முன்பு 50 ஆண்டுகளாகத்தான் இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் படைப்புகள் 1991 முடிவில் பொதுவுக்கு வர இருந்த நிலையில், 1992-இல் சட்டத்தைத் திருத்தி அறுபதாக்கினார்கள்.

எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட கல்கியின் நூல்களை இன்று பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. அப்படி ஒரு பதிப்பில் © குறியோடு பதிப்பகத்தின் பெயர் இருந்தால் அது அவர்கள் சேர்த்த முன்னுரைக்கும் அட்டை ஓவியத்துக்கும் குறிப்புகளுக்கும் பொருந்தும். கல்கியின் வாக்கியங்களுக்குப் பொருந்தாது.

எந்தப் பகுதியையும்… கூடாது

இங்கே அறிவிப்பு சட்டத்தைத் தாண்டிப் போகிறது. சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும், விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும், நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவில் எடுத்தாள 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. வகுப்பில் பாடம் நடத்த ஆசிரியரும் மாணவரும் நகலெடுக்கலாம். பார்வையற்றோருக்காக பிரெயிலிலோ ஒலி வடிவிலோ ஆக்கித் தரலாம். இதற்கெல்லாம் பதிப்பாளரின் கடிதம் தேவையில்லை.

டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை, பேராசிரியர்கள் குறித்துக் கொடுத்த பக்கங்களை நகலெடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு ஃபிரான்சிஸும் 2012-இல் வழக்குத் தொடர்ந்தன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது; மேல்முறையீட்டு அமர்வும் கற்பித்தலுக்கான விலக்கை அகலமாகவே படித்தது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. விலை கொடுத்து வாங்க வழியில்லாத மாணவரின் பக்கம் சட்டம் நின்ற அந்த நாள் எனக்கு நிறைவு தந்த நாள்.

இதை வைத்துக்கொண்டு, போன மாதம் வெளியான நாவலை முழுதாக ஸ்கேன் செய்து டெலிகிராம் குழுவில் பிடிஎஃப் ஆகப் போடுவதை நியாயப்படுத்த முடியாது. 'காசுக்கு விற்கவில்லையே' என்பது பதில் ஆகாது. சில நூறு பிரதிகள் விற்றாலே பெரிது என்றிருக்கும் தமிழ்ச் சூழலில் அது எழுத்தாளரின் சோற்றில் கைவைப்பது.

எல்லா உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை

1910-இல் போனஸ் அயர்ஸில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் செய்த உடன்படிக்கை இப்படியொரு வாசகத்தைக் கேட்டது. அந்த நாடுகள் எல்லாம் பெர்னுக்கு வந்துவிட்டதால் 2000-இலிருந்து இதற்குச் சட்டத் தேவை இல்லை, பழக்கத்தால் அச்சாகிறது.

இந்த வரி சொல்லாமல் விடுவது இரண்டு. 2012 திருத்தம், ஒப்பந்தம் போட்டபோது இல்லாத ஊடகம் எதுவும் அந்த ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படாவிட்டால் அடங்காது என்கிறது. இனி எழுதும் ஒப்பந்தங்களுக்கு இது பெரிய காவல். மற்றொன்று 57-ஆம் பிரிவு: உரிமையை முழுதாக விற்ற பிறகும், 'இது என் எழுத்து' என்று சொல்லவும், தம் பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் எழுதியவருக்கு உரிமை உண்டு. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தம் நாவலைப் படமாக்க உரிமை கொடுத்த பின், அதைச் சிதைத்துவிட்டார்கள் என்று வழக்காடினார். டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு அந்த உரிமை இருப்பதை ஏற்றது.

மீறினால் சட்டப்படி நடவடிக்கை

தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். இதற்கு மேல் இந்த வரிக்கு உரை தேவையில்லை.

எழுதுபவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த புத்தகத்துக்கு ஒப்பந்தம் வந்தால் எத்தனை ஆண்டு, எந்த நாடு, அச்சு மட்டுமா அல்லது மின்னூலும் ஒலிநூலும் சேர்த்தா என்று பார்த்து, இல்லாததை எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தமே வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.