ஒலியளவுப் போரும் அதைச் சமன்செய்த கணக்கும்



பள்ளி விளையாட்டு விழாவிற்காக ஒருமுறை இருபது பாடல்களை ஒரு விரலியில் தொகுத்துக் கொண்டு சென்றேன். முதல் பாடல் பழைய ஒலிநாடாவிலிருந்து கணினிக்கு மாற்றியது. திடலில் சரியாகக் கேட்கவில்லை என்று ஒலிபெருக்கியின் திருகியைக் கூட்டி வைத்தோம். அடுத்து வந்தது அண்மைக்காலக் குறுவட்டுப் பாடல். அது தொடங்கிய நொடியிலேயே முதலாம் ஆண்டு மாணவர்கள் காதுகளைப் பொத்திக் கொண்டனர். ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது என்றே எல்லாரும் எண்ணினோம். ஆனால் பழுது கருவியில் இல்லை. பாடல்கள் பதிவான காலங்களில் இருந்தது. அதனைத் தேடிப் படித்தபோது கிடைத்த வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஒலிப்பதிவின் தொடக்கக் காலத்தில் ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ திருகி என்று ஒன்று இல்லை. பெரிய கூம்பு ஒன்றின் முன்னால் நின்று பாட வேண்டும். கூம்பில் புகுந்த ஒலியின் வலிமையே ஊசியை அசைத்து மெழுகில் கீறியது. பாடகர் கூம்பிற்கு அருகிலும் ஊதுகருவிக்காரர் தொலைவிலும் நிற்பதுதான் அன்றைய ஒலிச் சமன்பாடு. 1925இல் மின்முறை ஒலிப்பதிவு வணிகத்திற்கு வந்தது. ஒலிவாங்கியும் பெருக்கியும் நுழைந்த பிறகே, எவ்வளவு பெருக்குவது என்ற கேள்வியும் உடன் நுழைந்தது.

அக்கேள்விக்கு அளவுகோல் வேண்டுமல்லவா? தொலைபேசித் துறையினர் 1920களில் வகுத்த டெசிபெல் என்னும் அலகு கைக்கு வந்தது. 1939இல் பெல் ஆய்வகமும் சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய அமெரிக்க வானொலி நிறுவனங்களும் கூடி ‘வி.யு.’ மானியை உருவாக்கின. பழைய ஒலிநாடாப் பெட்டிகளின் முகப்பில் ஊசி ஒன்று துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மூதாதை இதுதான். ஒலி வந்தவுடன் ஊசி தாவிவிடாது. உரிய இடத்தை எட்ட ஏறத்தாழ 300 மில்லிநொடி எடுத்துக் கொள்ளும். எனவே அது நொடிப்பொழுதில் தோன்றி மறையும் முகடுகளை விட்டுவிட்டுச் சராசரியைக் காட்டியது. நம் செவியும் ஏறக்குறைய அப்படித்தான் உரப்பை உணர்கிறது.

ஆனால் செவிக்கு ஓரவஞ்சனை உண்டு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933இலேயே இதனை அளந்து வெளியிட்டிருந்தனர். ஒரே ஆற்றலுடைய இரு ஒலிகளில், 3000 முதல் 4000 ஹெர்ட்சு வரையிலான ஒலி நமக்கு உரக்கக் கேட்கும். தாழ்ந்த ஒலி மெலிதாகத் தோன்றும். (விளையாட்டாசிரியரின் ஊதல் திடலின் மறுகோடி வரை குத்துவதன் இரகசியம் இதுவே.) கருவி அளக்கும் ஒலி வேறு, செவி உணரும் உரப்பு வேறு என்பதை அறிந்த பிறகும், பதிவுத்துறை அதனைக் கணக்கில் கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் போட்டி ஒன்று முளைத்தது. காசு போட்டால் இசைத்தட்டைச் சுழற்றும் பெட்டிகள் அமெரிக்க உணவகங்களில் நிறைந்திருந்தன. பெட்டியின் ஒலியளவைக் கடைக்காரர் ஒருமுறை திருகி வைத்துவிடுவார். அப்படியானால், எந்தத் தட்டு உரக்கப் பதியப்பட்டதோ அதுவே கூட்டத்தின் பேச்சை மீறிக் காதில் விழும்! தயாரிப்பாளர்கள் உரத்த தட்டுகளைக் கேட்கத் தொடங்கினர். நல்லவேளையாக இசைத்தட்டே ஒரு வேலியாக இருந்தது. ஒலி கூடினால் பள்ளத்தின் அலைவும் கூடும்; பள்ளங்கள் இடத்தை அடைத்துக் கொண்டால் ஒரு பக்கத்தில் அடங்கும் நிமிடங்கள் குறையும்; மிஞ்சினால் ஊசியே துள்ளிக் குதித்துவிடும்.

1982 அக்டோபரில் சப்பானில் விற்பனைக்கு வந்த குறுவட்டு அவ்வேலியை அகற்றியது. அதில் பள்ளமும் இல்லை, துள்ளும் ஊசியும் இல்லை. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்களாகப் பதிந்தனர். ஆனால் எண்ணுக்கு உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் ஒலியே இல்லை. தொடக்கத்தில் வந்த வட்டுகளில் பொறியாளர்கள் உச்சத்திற்குக் கீழே நிறைய இடம் விட்டே பதிந்தனர். 1990களில் கணினிவழி ஒலிவரம்புக் கருவிகள் கிடைக்கத் தொடங்கியதும் நிலை மாறிற்று.

அக்கருவி செய்வதை நம் தொழில் வழக்கிலேயே விளக்குகிறேன். நூறு மதிப்பெண் தேர்வில் ஒவ்வொரு மாணவருக்கும் முப்பது மதிப்பெண் கூட்டிப் போடுங்கள். ஐம்பது எடுத்தவர் எண்பதுக்கு வருவார். தொண்ணூறு எடுத்தவருக்கு நூற்றிருபது தர இயலாது, நூறோடு வெட்டப்படுவார். எழுபத்தைந்தும் தொண்ணூறும் தொண்ணூற்றெட்டும் ஒன்றாகிவிடும். வகுப்பின் சராசரி ஏறியிருக்கும். ஆனால் யார் சிறந்தவர் என்பது அந்தத் தாளிலிருந்து இனித் தெரியாது. பாடலிலும் இதுவே நடந்தது. மெல்லிய பகுதிகள் மேலே தூக்கப்பட்டன. மத்தளத்தின் அடியும் பாடகரின் உச்சக் குரலும் வரம்பில் மோதித் தட்டையாயின.

இரு பாடல்களை அடுத்தடுத்துக் கேட்பவருக்குச் சற்று உரத்த பாடலே சிறந்ததாகத் தோன்றும் என்பதால் எந்த நிறுவனமும் பின்வாங்கத் துணியவில்லை. ‘ஒலியளவுப் போர்’ என்றே இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஒயாசிஸ் குழுவின் 1995ஆம் ஆண்டுத் தொகுப்பும் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் 1999ஆம் ஆண்டுத் தொகுப்பும் இதற்காகவே பேசப்படுபவை. உச்சக்கட்டம் 2008 செப்டம்பரில் வந்தது. மெட்டாலிக்கா குழுவின் ‘டெத் மேக்னெட்டிக்’ தொகுப்பு அந்த மாதம் வெளியானது. அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ என்னும் கணினி விளையாட்டிலும் வந்தன. விளையாட்டில் வந்த பதிவு குறுவட்டைவிடத் தெளிவாக இருப்பதை இரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டனர். பணம் கொடுத்து வாங்கிய வட்டைவிட விளையாட்டுப் பொம்மையில் இசை நன்றாக இருந்தால் யாருக்குத்தான் சினம் வராது? பாடல்களை மறுபடி கலந்து வெளியிடக் கோரி 10,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர்.

இந்தப் போரின் விளைவு வீடுகளில்தான் முதலில் வெளிப்பட்டது. ஒரு வட்டை முழுமையாகக் கேட்ட காலத்தில் திருகியை ஒருமுறை சரிசெய்தால் போதும். எம்.பி.3 வந்த பிறகு 1960களின் பாடலும் 1990களின் பாடலும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வந்து நின்றன. எல்லாப் பாடல்களின் முகடுகளையும் ஒரே உயரத்திற்குக் கொண்டு வருவதுதான் பலருக்கும் முதலில் தோன்றிய வழி. அது பயன் தரவில்லை. ஒரே ஒரு தாள அடி உச்சத்தைத் தொட்ட மெல்லிய பாடலும், தொடக்கம் முதல் முடிவு வரை உச்சத்திலேயே நிற்கும் பாடலும் முகட்டளவில் சமமே. செவிக்கோ மலையும் மடுவும்.

2001இல் டேவிட் ராபின்சன் என்பவர் ‘ரீப்ளேகெய்ன்’ என்னும் முறையை முன்வைத்தார். முகட்டை விட்டுவிட்டுச் செவியைப் போல அளப்போம் என்பதே அவருடைய கருத்து. முதலில், ஃபிளெட்சர், மன்சன் வழிவந்த ஆய்வுகளை ஒட்டிய வடிகட்டியால் செவியின் ஓரவஞ்சனை கணக்கில் சேர்க்கப்படும். பிறகு பாடல் நொடிக்கு இருபது துண்டுகளாக நறுக்கப்பட்டு ஒவ்வொன்றின் ஆற்றலும் கணிக்கப்படும். துண்டுகளை ஆற்றல் வரிசையில் அடுக்கி, மேலிருந்து 5 விழுக்காடு தள்ளி நிற்கும் துண்டின் அளவையே பாடலின் உரப்பாகக் கொள்வர். வெறும் சராசரி எடுத்தால் பாடலிடையே வரும் அமைதிகள் கணக்கைக் கீழே இழுத்துவிடும் அல்லவா?

இம்முறையில் என்னைக் கவர்ந்தவை இரண்டு. ஒன்று, அது பாடலைத் தொடுவதில்லை. ‘இப்பாடலை 6 டெசிபெல் குறைத்து ஒலிக்க’ என்பது போன்ற குறிப்பு மட்டும் கோப்பின் ஓரத்தில் எழுதப்படும். இசைப்பான் அதைப் படித்துத் திருகியைத் தானே திருப்பிக் கொள்ளும். 2002இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் மென்பொருளில் வந்த ‘சவுண்ட் செக்’ வசதியும் இத்தகையதே. ‘எம்.பி.3 கெய்ன்’ என்னும் இலவச மென்பொருள் மட்டும் கோப்பின் உள்ளேயே இருக்கும் ஒலியளவு எண்ணை 1.5 டெசிபெல் படிகளாக மாற்றும். வேண்டாமென்றால் பழைய நிலைக்கே மீட்டுவிடலாம்.

மற்றொன்று, ராபின்சன் ஒவ்வொரு பாடலுக்கும் இரண்டு எண்கள் வேண்டும் என்றார்: தனிப்பாடலுக்கு ஒன்று, தொகுப்பு முழுமைக்கும் ஒன்று. ஒரு கச்சேரிப் பதிவை நினைத்துப் பாருங்கள். ஆலாபனை மெல்லத் தொடங்கும். தனி ஆவர்த்தனம் அதிரும். இரண்டையும் தனித்தனிப் பாடல்களாகக் கருதிச் சமன்செய்தால் ஆலாபனை மிருதங்கத்திற்கு நிகராக முழங்கும். கலைஞர் அறிந்தே வைத்த மென்மை அழிந்துபோகும். தொகுப்பு எண் அனைத்தையும் ஒரே அளவு ஏற்றி இறக்கும்; உள்ளிருக்கும் மேடு பள்ளம் அப்படியே இருக்கும். பல பாடல்களைக் கலந்து போடுகையில் முதல் எண்ணையும், ஒரே தொகுப்பைக் கேட்கையில் இரண்டாம் எண்ணையும் தேர்ந்தெடுங்கள்.

தொலைக்காட்சித் துறை பிறகு இதே பாதைக்கு வந்தது. விளம்பரம் வந்ததும் தொலையியக்கியைத் தேடி ஓடியிருக்கிறோம் அல்லவா! 2006இல் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உரப்பை அளக்கும் முறையைத் தரப்படுத்தியது. அதனை அடியொற்றி ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் ஒரே உரப்பு அளவைப் பரிந்துரைத்தது. உரத்த விளம்பரங்களைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் அதே ஆண்டு டிசம்பரில் கையெழுத்தாகி 2012 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. இன்று ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற தளங்களும் உரத்த பாடலைத் தாமே குறைத்து ஒலிக்கின்றன. உரக்கப் பதிந்தவருக்கு இனி அங்கே இலாபமில்லை.

ஆயினும் ஒன்று திரும்பி வரவில்லை. மதிப்பெண் கணக்கிற்கே வாருங்கள்: அனைவரிடமிருந்தும் முப்பதைக் கழித்துவிட்டால் ஏறிய சராசரி இறங்கிவிடும், ஆனால் நூறோடு வெட்டப்பட்ட மூவரும் இப்போது எழுபதில் ஒன்றாக நிற்பார்கள். சமன்செய்யும் எந்த மென்பொருளும் வெட்டுண்ட முகட்டை மீட்டுத் தராது.

அந்த விளையாட்டு விழாவிற்குப் பின் என் பட்டியலைச் சமன்செய்தேன். பழைய பாடல் ஒன்றின் இரு வடிவங்கள் என்னிடம் இருந்தன: ஒலிநாடாவிலிருந்து நானே எடுத்தது ஒன்று, ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று அச்சிட்ட குறுவட்டிலிருந்து எடுத்தது மற்றொன்று. முன்பெல்லாம் குறுவட்டு வடிவமே சிறந்தது என்று நினைத்திருந்தேன். இரண்டையும் ஒரே உரப்பில் வைத்துக் கேட்டபோது, நாடாவில் இரைச்சல் இருந்தது. ஆனால் தபேலாவின் ஒவ்வொரு அடியும் தனித்து எழுந்தது. குறுவட்டில் இரைச்சல் இல்லை. தபேலா பாடகியின் குரலுக்குப் பின்னால் அமுங்கிக் கிடந்தது. விரலியில் இப்போது இருப்பது நாடா வடிவம்தான்.