கலோரிக் கணக்கு

உண்ணும் உணவின் ஆற்றலைக் கூட்டிப் பார்த்து, பரிமாறும் அளவைக் குறைத்து, உடல் எடையை மெல்ல இறக்கும் முறை. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. அன்றாடத் தேவையில் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ இறங்கும். எடை குறையக் குறைய உடலின் தேவையும் சுருங்குவதால் இந்த வேகம் நீடிக்காது.

இந்தியச் சமையலுக்கு ஆதாரம் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணை. அரிசிக்கும் பருப்புக்கும் அட்டவணை பதில் சொல்லும், தாளிப்பில் ஊற்றிய எண்ணெயைச் சமைப்பவர்தான் அளக்க வேண்டும். கணக்கு தப்புவது பெரும்பாலும் அங்கேதான்: 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120.

படியேறி ஈடுகட்டலாம் என்பது மிகை. திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரர் மலைக்கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். 60 கிலோ எடையுள்ளவர் ஏறினால் செலவாவது உத்தேசமாக 100 கலோரி. நெய் வழியும் ஒரு தொன்னைச் சர்க்கரைப் பொங்கல் அதைத் தாராளமாகத் திருப்பித் தந்துவிடும். உணவகங்களின் ‘அளவுச் சாப்பாடு’ சோற்றுக்கு வரம்பு கட்டுகிறது, அப்பளத்துக்கும் வத்தக்குழம்பில் மிதக்கும் எண்ணெய்க்கும் அல்ல. நீரிழிவுக்கு மருந்து எடுப்போரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கலாகாது.