சிரஞ்சீவி என்று ஒரு கார்

லத்தீன் மொழியில் 'செம்பர் விவஸ்' என்றால் 'எப்போதும் உயிரோடு இருப்பது' என்று அர்த்தம். நம் ஊர் வழக்கில் சொன்னால், சிரஞ்சீவி. 1900-ம் வருடம் வியன்னாவில் உருவான ஒரு காருக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். பெட்ரோல் இன்ஜினும் மின்சார மோட்டாரும் ஒரே வண்டியில் கூட்டுக் குடித்தனம் நடத்திய ஆரம்பகாலக் கார் அது. இன்றைக்கு நாம் 'ஹைப்ரிட்' என்கிறோமே, அந்தப் பரம்பரைக்குக் கொள்ளுத்தாத்தா!

சிரஞ்சீவி இப்போது எங்கே? ஒரிஜினல் வண்டி இல்லை. போய்விட்டது.

எப்படிப் போனது? ஹைப்ரிட் காரை வாங்குவது ஒரு கதை, அதை வயசான காலத்தில் வைத்துக் காப்பாற்றுவது வேறு கதை. நூற்றிருபது வருஷத்துக்கும் மேலாக அந்த இரண்டாவது கதைதான் பலரையும் பாடாய்ப் படுத்திக்கொண்டு இருக்கிறது. ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம்.

வியன்னாவில் லோனர் என்று ஒரு கம்பெனி. அரச குடும்பத்துக்குக் குதிரை வண்டி செய்து கொடுத்து வந்தவர்கள். குதிரைகளுக்குக் காலம் முடிகிறது என்று அதன் முதலாளி லுட்விக் லோனருக்குப் புரிந்துபோனது. இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞரை வேலைக்கு வைத்துக்கொண்டார். பெயர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. ஆமாம், அதே போர்ஷேதான்.

போர்ஷே முதலில் செய்தது சுத்தமான மின்சாரக் கார். மோட்டாரை முன்சக்கரங்களுக்குள்ளேயே வைத்துவிட்டார். செயின் கிடையாது, கியர் கிடையாது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் எல்லாரும் வாய் பிளந்து பார்த்தார்கள். ஒரே ஒரு சங்கடம்... பேட்டரி மட்டும் சுமார் 410 கிலோ! அத்தனை கனத்தையும் சுமந்துகொண்டு போனாலும் சார்ஜ் தீர்ந்தால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

போர்ஷே யோசித்தார். பேட்டரியைச் சின்னதாக்கி, காரிலேயே இரண்டு குட்டி பெட்ரோல் இன்ஜின்களை ஏற்றினார். இன்ஜின் டைனமோவைச் சுற்றும், டைனமோ மின்சாரம் தரும், மின்சாரம் சக்கரத்தைச் சுற்றும். சார்ஜ் தீருகிற பிரச்னையே இல்லை. அதனால்தான் சிரஞ்சீவி!

அதன் அடுத்த வடிவமான 'மிக்ஸ்டே' 1901-ல் வந்தது. 1902-ல் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையே அதில் உட்காரவைத்து போர்ஷே ஓட்டிச் சென்றார். (1914-ல் சரயேவோவில் சுடப்பட்டு, முதல் உலகப் போருக்குக் காரணமானாரே, அவரேதான். அன்று அவர் போனது வேறு கார்.) இளவரசரே ஏறினாலும் வியாபாரம் சூடு பிடிக்கவில்லை. விலை அதிகம், கனம் அதிகம். பெட்ரோல் காருக்கு உண்டான வியாதிகள், மின்சாரக் காருக்கு உண்டான வியாதிகள் இரண்டும் ஒரே உடம்பில். 1906-ல் போர்ஷே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

இப்போது அட்லாண்டிக் கடலைத் தாண்டுவோம். 1915, நியூயார்க் மோட்டார் கண்காட்சி. அங்கே அறிமுகமான 'ஓவன் மேக்னடிக்' காருக்கு விளம்பர வாசகம்: 'ஆயிரம் வேகங்களின் கார்'. ஜஸ்டஸ் என்ட்ஸ் என்ற இன்ஜினீயரின் மூளையில் உதித்த சமாசாரம். அந்தக் காலத்து கார்களில் கியர் மாற்றுவதற்குக் கை பலமும் கால் பலமும் வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் 'கர்ர்ர்' என்று பல்லைக் கடிக்கும். ஓவன் மேக்னடிக்கில் கிளட்ச் மிதி கிடையாது. கியரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்டியரிங் மேலேயே ஒரு சின்ன லீவர். விரலால் தள்ளினால் போதும், வெண்ணெய் மாதிரி வேகம் கூடும்.

எப்படி? இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் சும்மா இருந்த ஃபேனும் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். ஒன்றையொன்று தொடவில்லை, நடுவில் இருப்பது காற்றுதான். இந்தக் காரிலும் இன்ஜினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இரும்புப் பிணைப்புக்குப் பதிலாகக் காந்தப் புலம். அதில் நழுவிப்போகும் சக்தியையும் வீணாக்காமல், மின்சாரமாக்கி இன்னொரு மோட்டாருக்கு அனுப்பினார்கள். வெறும் பேட்டரியில் ஓடக்கூடிய வண்டியில்லை என்பதால், கறாராகப் பேசுபவர்கள் இதை முழு ஹைப்ரிட் என்று ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் குடும்பம் ஒன்றுதான்.

உலகப் புகழ் பெற்ற ஓபரா பாடகர் என்ரிகோ கரூஸோ இதை வாங்கினார். ஃபோர்டின் மாடல் டி ஐநூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்த காலத்தில் ஓவன் மேக்னடிக்குக்குச் சில ஆயிரம் டாலர்கள் எண்ணிவைக்க வேண்டும். கரூஸோவுக்கு அது பெரிய விஷயமில்லை. தொட்டால் போதும், கார் சொன்னபடி கேட்டது.

ஆனால் ஒன்று. கரூஸோ மாதிரி பணக்காரர்கள் காருக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பதில்லை. அந்தக் காலத்தில் ஷோஃபர் என்றால் வெறும் டிரைவர் அல்ல, பாதி மெக்கானிக். அந்த பிரெஞ்சு வார்த்தைக்கே மூல அர்த்தம், கொதிகலனுக்குத் தீ மூட்டுபவர் என்பதுதான். ஓவன் மேக்னடிக்கின் ஷோஃபருக்கு இன்ஜின் வேலை தெரிந்தால் மட்டும் போதாது. தேயும் கார்பன் பிரஷ்ஷை மாற்றத் தெரியணும். அதன் கரித்தூளைத் துடைக்கணும். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றணும். காயில் எரிந்துபோனால்? அதற்கு வேறு ஆள், வேறு பட்டறை. முதலாளியின் கைக்கு ஓய்வு கிடைத்தது வாஸ்தவம். ஆனால் வேலை எங்கேயும் காணாமல் போய்விடவில்லை. சத்தமில்லாமல் பின்கட்டுக்கு, இன்னொருத்தர் தலைக்கு மாறியது. அவ்வளவுதான்!

மாடல் டி கெட்டுப்போனால் ஊருக்கு ஊர் கொல்லன்கூடத் தட்டி நிமிர்த்திவிடுவான். இதை யார் தொடுவது? கம்பெனியும் நியூயார்க், கிளீவ்லாண்ட், பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பேரி என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1921 வாக்கில் கதை முடிந்தது. செய்தது மொத்தமே சில நூறு வண்டிகள். கம்பெனி போனதும் உதிரி பாகம் போனது. வேலை தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். பிறகென்ன, பழைய இரும்புக் கடைதான்.

அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் ஹைப்ரிட் பேச்சு எடுபடவே இல்லை. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வந்த பிறகுதான் மறுபடி உயிர். 2005-ல் அதே குடும்பத்திலிருந்து சொகுசுக் கார் ஒன்று சந்தைக்கு வந்தது. லெக்ஸஸ் ஆர்.எக்ஸ். 400ஹெச். தோல் சீட்டு, நூலகம் மாதிரி நிசப்தம். நிற்கிறதா, ஓடுகிறதா என்றே தெரியாது. கரூஸோவுக்குக் கிடைத்த அதே சொகுசு!

அந்தக் கார்களுக்கு இப்போது இருபது வயசு. வெளிநாடுகளில் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும்போது, 'அடடே, இந்த விலைக்கா!' என்று நாக்கில் எச்சில் ஊறும். ஊறட்டும். பின் சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

288 வோல்ட் பேட்டரி. 30 பெட்டிகள், பெட்டிக்கு 8 செல், ஆக மொத்தம் 240 செல்கள். எல்லாம் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. ஒரே ஒரு செல் சோர்ந்துபோனாலும் வரிசை முழுக்கத் தள்ளாடும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். கெட்ட பெட்டியை மட்டும் கழற்றி மாற்றினால் செலவு குறைவு. ஆனால் அதோடு பிறந்த மற்றவற்றுக்கும் அதே வயசுதானே? சில மாதங்களில் இன்னொன்று மக்கர் பண்ணலாம். மொத்தமாக மாற்றினால், வண்டியின் விலையில் பெரும் பங்கை பேட்டரியே விழுங்கிவிடும்.

பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். நல்ல சேதியும் உண்டு. மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாக்கிக்கொள்வதால் பிரேக் கட்டைகள் சீக்கிரம் தேயாது. பேட்டரியைக் குளிர்விக்க, காருக்குள் இருக்கும் காற்றைத்தான் சின்ன ஃபேன்கள் உறிஞ்சுகின்றன. அந்தக் காற்று வழியில் தூசும் நாய் முடியும் அடைத்துக்கொண்டால் பேட்டரி சூடேறி ஆயுசு குறையும். சுத்தம் செய்ய ஆகும் செலவு சொற்பம். சில சமயம் கார் பிணமாகக் கிடக்கும். பெரிய பேட்டரி போச்சு என்று தலையில் கை வைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர்களை எழுப்பிவிடும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கலாம். ஆனால் ஆரஞ்சு நிற ஒயர்கள் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகாதீர்கள். ரப்பர் கையுறையும் முறையான பயிற்சியும் உள்ளவர்களுக்கே அது. உயிர் சமாசாரம்.

ஆக, பழைய சொகுசு ஹைப்ரிட்டை வாங்குகிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. 'இதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் என் ஊரில் யார்?' என்பதுதான். கரூஸோவுக்கு ஷோஃபர் இருந்தார். நமக்கு?

அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜே லெனோவிடம் 1916-ம் வருட ஓவன் மேக்னடிக் ஒன்று இருக்கிறது. ஓடுகிறது! செம்பு, இரும்பு, கார்பன் எல்லாம் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடியவை. எரிந்த காயிலைப் புதிதாகக் கட்டலாம். தேய்ந்த பாகத்தைக் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளலாம். 2005-ம் வருடக் காரின் கம்ப்யூட்டர் செத்துப்போனால் அரம் வைத்து ராவ முடியுமா? அதற்குள் இருக்கும் புரோகிராம் அதைச் செய்தவர்கள் கையில். நூறு வருஷம் கழித்து எது ஓடும் என்று பந்தயம் கட்டச் சொன்னால், நான் 1916-ன் பக்கம்தான்.

கடைசியாக, நம் சிரஞ்சீவி. 2011-ல் ஜெனீவா கார் கண்காட்சியில் செம்பர் விவஸ் மறுபடியும் வந்து நின்றது. போர்ஷே மியூசியத்துக்காகப் பழைய வரைபடங்களையும் கிடைத்த ஆவணங்களையும் வைத்து, ஒவ்வொரு பாகமாகப் புதிதாகச் செய்து எழுப்பியிருந்தார்கள். சும்மா பொம்மை இல்லை, ஓடுகிற வண்டி. அது எப்படி வேலை செய்தது என்று காகிதத்தில் யாரோ எழுதிவைத்திருந்தார்கள். அதைப் படித்துச் செய்யத் தெரிந்தவர்களும் கிடைத்தார்கள். சிரஞ்சீவிப் பட்டம் அந்தக் காருக்கா, அவர்களுக்கா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.