புதிய வீடு: எந்தக் கூரை, என்ன விதி?

மீள்குடியேறியவர்களில் பலருக்குத் திரும்பக் கிடைத்தது காணி மட்டுமே. சுவர் தப்பிய வீடுகளிலும் ஓடும் மரமும் கழற்றப்பட்டிருந்தன. இந்திய வீட்டுத் திட்டத்தின் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா போதாமல் கடன்பட்டு வீட்டை முடித்தவர்களும் உண்டு. கூரை விடயத்தில் எடுக்கும் முடிவைப் பிறகு மாற்றுவது செலவு கூடியது.

ஓடு: வெக்கையைக் குறைக்கும். உடைந்ததை மட்டும் மாற்றலாம். ஆனால் பாரம் கூடியது. நல்ல மரமும் போதிய சரிவும் வேண்டும். சரிவு குறைந்தால் மாரிமழை ஓட்டின் அடியால் உள்ளே வரும்.

அஸ்பெஸ்டஸ் சீற்: மலிவு. எனினும் எல்லா வகை அஸ்பெஸ்டசும் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆபத்து தூசியில் உள்ளது. இடிந்த வீட்டின் பழைய சீற்றை உடைக்காமல், நனைத்து, முழுதாக இறக்குங்கள். துண்டுகளை நிலம் நிரவப் பயன்படுத்த வேண்டாம்.

தகடு: பாரம் குறைவு, ஆனால் வெயிலில் கொதிக்கும். கீழே சீலிங்கும் காற்றோட்டமும் தேவை. பலமாகப் பிணைக்காவிட்டால் காற்று தூக்கிவிடும். 2008 நிஷா, 2020 புரெவி புயல்களைக் கண்டது நமது மண். கைமரங்களை ஆணியால் மட்டும் விடாமல், இரும்புப் பட்டியால் சுவருடன் பிணைக்கச் சொல்லுங்கள்.

கொங்கிறீற் பிளாட்: மேல்மாடி எண்ணம் இருந்தால் பொருத்தம். அதன் பாரத்தைத் தாங்கும் அத்திவாரமும் தூண்களும் தொடக்கத்திலேயே அமைய வேண்டும்.

அனுமதி

கட்டட அனுமதியை உங்கள் பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபையில் பெற வேண்டும். 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரதேசங்களில் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டமும் இதற்கு அடிப்படை. காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், நில அளவை வரைபடம், கட்டட வரைபடம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருங்கள். இடம்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கோரலாம். அரச காணி அனுமதிப்பத்திரமாயின் பிரதேச செயலகத்தை அணுகுங்கள்.

வீதியிலிருந்து விடவேண்டிய தூரத்தைச் சபையில் கேட்டறியுங்கள். தாழ்வாரமும் பீலியும் உங்கள் எல்லைக்குள் அமைய வேண்டும். கூரைநீர் அயலவர் காணியில் விழுந்தால் பிணக்கு நிச்சயம். அனுமதி கிடைத்தபின் சீற்றுக்குப் பதிலாக பிளாட் போடுவதானால், திருத்திய வரைபடத்தைச் சமர்ப்பியுங்கள். இல்லாவிடில் இறுதியில் இணக்கச் சான்றிதழ் பெறுவதில் சிக்கல் வரும்.

பீலியுடன் மழைநீர்த் தொட்டியையும் திட்டமிடுங்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழுவது 1000 லீற்றர் நீர். கிணறு உவராகும் கிராமங்களில் அது பெரும் உதவி. அஸ்பெஸ்டஸ் கூரை நீரை மட்டும் குடிக்கச் சேமிக்காதீர்கள்.